நீ பச்சை பூசிய என் கழனி

இளங்கோவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நேற்று போனில் நீயே "நல்லா இருக்கேம்மா, ஆனா செம டைட்டு" என்று சொல்லிவிட்டாய். நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை, ஆகவே அந்த வரியும் மிச்சம். நீ கேட்டது வேறு. "அம்மா, பாகூர் மீட்டிங்ல என் பிரசன்டேஷன் எப்படி இருந்துச்சு? வர்ற வெள்ளிக்கிழமை மடுகரைல இதையேதான் போடப் போறேன். ஸ்லைடுல எதுனா மாத்தணும்னா சொல்லு" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு இன்னொரு கால் வந்துவிட்டது. உன்னோடு போனில் பேசுவது ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற மாதிரிதான். அதனால் எழுதுகிறேன். எழுத்தை இடையில் வெட்ட முடியாது, வேண்டுமானால் கிழித்துப் போடலாம். நீ கேட்டது ஸ்லைடைப் பற்றி, நானும் ஸ்லைடைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இவள் வேறு எதையோ எழுதுகிறாள் என்று நடுவில் உனக்குத் தோன்றினால் அதற்கும் உன் ஸ்லைடுதான் பொறுப்பு.

குடோன் கட்ட நிலம் கேட்டு உன் கம்பெனி கூட்டம் போட்ட மண்டபத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நீ மேடையில் இருந்தாய், நான் கடைசி வரிசையில் இருந்தேன். இரண்டு இடத்திலிருந்தும் ஒரே திரை தெரிவதில்லை. ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கக் கல்யாணத்துக்குக் கட்டுகிற பழைய ஷாமியானா துணியைத் தொங்கவிட்டிருந்தீர்கள். அது காற்றில் ஆடும்போதெல்லாம் திரையின் வலது பக்கம் வெளுத்துப் போனது. முன் வரிசையில் உன் கம்பெனி ஆட்களும், அவர்கள் போர்த்திய சால்வையோடு உன் அப்பாவும். அடுத்து ஆண்கள். பெண்கள் வழக்கம்போலச் சுவரோரம். நிலம் பாதிப் பேருக்குப் பெண்கள் பெயரில் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும், பட்டா நகல்களைச் சேகரித்தவனே நீதான். அப்படியும் நாற்காலி போட்டவனிடம் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்லைடில் நீ போட்டிருந்த எழுத்து கடைசி வரிசைக்கு வரும்போது எறும்பு ஊர்வதுபோல இருந்தது. பக்கத்தில் இருந்தவள் என்னிடம், "உன் மவன் இன்னா எழுதிக்கிறான், படிச்சு சொல்லேன்" என்றாள். நானும் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "அப்புறம் சொல்றேன்" என்றேன்.

அப்போதுதான் நமக்கு அடுத்த கழனி தனலட்சுமி அக்கா தாமதமாக உள்ளே வந்தாள். அவளுக்கு முட்டி வலி, வேகமாக நடக்க வராது. புரொஜெக்டருக்கு முன்னால் அவள் மெதுவாகக் கடந்தபோது அவள் நிழல் திரை முழுக்க விழுந்தது. நீ மைக்கில், "கொஞ்சம் குனிஞ்சு போங்கம்மா, ஸ்லைடு மறைக்குது" என்றாய். அவள் மடியில் வைத்து ஊட்டிய சோற்றை நீ எவ்வளவு தின்றிருப்பாய் என்றெல்லாம் நான் கணக்குப் பார்க்க வரவில்லை. அவளைப் 'பெரிம்மா' என்று கூப்பிட்டு வளர்ந்தவன் நீ. முட்டி மடங்காதவளைப் பார்த்துக் குனியச் சொன்னாய். அவளும் இடுப்பை வளைத்துக்கொண்டு சுவரைப் பிடித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே, "எளங்கோ நல்லா பேசறான்டி" என்றாள். அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னாள். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ நன்றாகப் பேசவில்லை, தம்பி. பாதி நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையில் எழுதியிருந்ததையே வாசித்தாய். எழுத்தெல்லாம் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து உட்கார்ந்தது, நீயும் அது உட்காருகிற வரை காத்திருந்தாய், நாங்களும் காத்திருந்தோம். ஒரு ஸ்லைடில் தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் கோதுமை வயலில் நின்று சிரித்தார். "யாருடி அது, இவங்க மொதலாளியா?" என்று அக்கா கேட்டாள். பாகூரில் நின்று பேசுகிற உனக்கு, ஏரிக்கரையிலிருந்து போனில் ஒரு படம் எடுக்கக்கூடவா நேரமில்லை? தெரிந்த இடத்தின் படம் என்றால் எங்கள் பேச்சுக்குள் வந்திருக்கும், கேள்வி வந்திருக்கும். ஒருவேளை அதற்காகத்தான் தவிர்த்தாயோ என்று இப்போது தோன்றுகிறது. நான் இப்படியெல்லாம் சந்தேகப்படுகிறவளாக முன்பு இருந்ததில்லை.

இந்த வித்தை உனக்குத் தெரியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன், ஏனென்றால் நீ அதைக் கற்றுக்கொண்டது என் சமையலறையில். காலேஜில் கடைசி வருஷம், புராஜெக்டைப் பற்றி வாத்தியார்களுக்கு முன்னால் பேச வேண்டும் என்று உனக்கு ஜுரமே வந்துவிட்டது. அரிசி டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்து, நான் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருக்க, தினமும் எனக்குப் பேசிக் காட்டினாய். பிளஸ் டூவோடு நிறுத்தப்பட்ட எனக்கு உன் புராஜெக்ட் என்ன புரியும்? ஆனால் நீ விடவில்லை. "உனக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்மா" என்றாய். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா வேறு என்னவென்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை, இருந்தாலும் சந்தோஷமாகவே உட்கார்ந்தேன். புரியாத இடத்தில் நான் கரண்டியைத் தூக்குவேன். உடனே நிறுத்துவாய். "எங்கம்மா, எது?" என்பாய். "இந்த எழுத்து பொடிசா இருக்குது", "இதுல ரெண்டு விஷயம் ஒண்ணா கெடக்குது, எத பாக்கறது?", "நீ படிக்கறதயே நானும் படிச்சிகினு இருந்தா நீ எதுக்கு?" என்று நான் சொல்லச் சொல்ல நீ மாற்றினாய். ஒரு ஸ்லைடுக்கு ஒரு சங்கதி. எழுத்து குறைவு, பேச்சு அதிகம். பார்க்க வேண்டியதைத் திரையில் காட்டு, கேட்க வேண்டியதை முகம் பார்த்துச் சொல். இதெல்லாம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் நீ துள்ளிக் குதித்து வந்து எனக்கு ஒரு பொத்தானைக் காட்டினாய். "இங்க பாரும்மா, ஸ்லைடு ஓடும்போது இந்த 'பி'யைத் தட்டினா ஸ்கிரீன் கருப்பாயிடும். யாராவது கேள்வி கேட்டா இதைத் தட்டிடணும். அப்ப ஸ்லைடைப் பாக்க மாட்டாங்க, கேக்கறவரைத்தான் பாப்பாங்க. அதுதான் மரியாதை" என்றாய். மரியாதை என்ற சொல்லை நீதான் சொன்னாய். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். படம் போனது, வந்தது. இத்தனை படம் காட்டத் தெரிந்த யந்திரத்துக்கு வாயை மூடிக்கொள்ளவும் தெரிகிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பாகூரில் நீ அந்தப் பொத்தானை ஒரு தடவைகூடத் தொடவில்லை. வருமானம் என்று தலைப்புப் போட்டு இரண்டு கம்பம் காட்டினாய். நெல்லுக்குக் குட்டைக் கம்பம், குடோனுக்கு விடுகிற வாடகைக்கு நெட்டைக் கம்பம். எந்த வருஷத்து நெல் என்று எழுதவில்லை. மழையில் கதிர் சாய்ந்து முளைவிட்டுப் போன வருஷத்தின் நெல் அது என்று சுவரோரம் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது, ஏனென்றால் அப்படிக் குட்டையாகப் போனது அந்த வருஷம்தான். ஒருவர் கையைத் தூக்கினார். நீ பார்க்காத மாதிரி ரிமோட்டை அமுக்கினாய். ஒரு படத்தைக் காட்டினால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும் என்பதுகூடவா நான் சொல்லித் தர வேண்டும்? கம்பத்தை யார் வேண்டுமானாலும் நீட்டலாம், குறைக்கலாம். கேட்பவர்களின் நம்பிக்கை அப்படி நீளாது.

அதற்கு அடுத்துத்தான் அந்த வரைபடம் வந்தது.   வாய்க்காலை நீலக் கோடாக வரைந்திருந்தாய். அதன் இரு பக்கமும் கட்டம் கட்டமாகக் கழனிகள். சம்மதித்தவர்களின் நிலம் பச்சை, பேசிக்கொண்டிருப்பவர்களின் நிலம் மஞ்சள் என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். அந்த ஒரு ஸ்லைடில் மட்டும் எழுத்து பெரிதாக, கடைசி வரிசைக்கும் பளிச்சென்று தெரிந்தது. தலைமடையில், வாய்க்கால் முதலில் தொடுகிற இடத்தில், என் கழனி பச்சையாக இருந்தது.

என் கழனியில் நிரம்பித்தான் தனலட்சுமி அக்கா கழனிக்குத் தண்ணீர் இறங்கும், அவளுடையது நிரம்பித்தான் அதற்கும் கீழே போகும். தலைமடையில் மண் அடித்து மேடாக்கி குடோன் கட்டிவிட்டால் கீழே இருப்பவர்கள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான், அவர்கள் நிலம் காயும். இது பாகூரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். உன் கம்பெனி ஆட்களுக்குத் தெரிந்திருக்காது. உனக்குத் தெரியும். யோசித்து யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்திருக்கிறேன்: மற்றவர்களை ஒவ்வொருவராகக் கேட்பதைவிட, என் ஒரு கட்டத்துக்குப் பச்சை அடித்தால் போதும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீதான். இல்லை என்றால் மறுத்து எழுது. மறுத்து நீ எழுத வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா?

மண்டபத்தில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அக்கா என்னைப் பார்த்தாள். "குட்த்துட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றாள், மெதுவாக. நான் எழுந்து நின்றேன். கூட்டத்தில் எழுந்து பேசி எனக்குப் பழக்கமில்லை, அதுவும் நீ மேடையில் இருக்கும்போது. "இளங்கோ, அந்த மொதல் கட்டம்" என்று ஆரம்பித்தேன். நீ என்னைப் பார்த்தாய். நன்றாகப் பார்த்தாய். பிறகு சிரித்த முகத்தோடு மைக்கில், "கேள்வியெல்லாம் கடைசியில எடுத்துக்கலாம், மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டாய்.

மேடம்.  கோபமாக, "அம்மா, சும்மா குந்து" என்று சொல்லியிருந்தால்கூட நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இரண்டு பேரும் வீட்டில் கத்துவதுபோல் மண்டபத்திலும் கத்தியிருப்போம், சங்கதி வெளியே வந்திருக்கும். மேடத்துக்கு என்ன பதில் சொல்வது? மேடம் என்றால் யாரோ. யாரோ என்றால் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். உட்கார்ந்தேன். 

கடைசி ஸ்லைடில் 'நன்றி' என்றும் அதற்குக் கீழே 'கேள்விகள்?' என்றும் போட்டிருந்தாய். கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்ற கேள்விகளுக்கு நீ கொடுத்த நேரம், கேட்டரிங் ஆட்கள் பிரியாணி அண்டாவைத் திறந்த நேரம். வாசனை வந்ததும் பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. விளக்கைப் போட்டார்கள், துணியை விலக்கினார்கள், உன் கேள்விக்குறி வெளிச்சத்தில் கரைந்து போனது. சாப்பாட்டு மேஜைக்கு முன்னாலேயே சம்மதக் கடிதத்தோடு உன் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இலைக்குப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போக வேண்டும். தலைமடையே போய்விட்டது என்று ஒருவர் கையெழுத்துப் போட்டார், அவரைப் பார்த்து இன்னொருவர். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவதற்குள் தனலட்சுமி அக்காவும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். என்னைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சாப்பிடாமலேயே போனாள். இந்த விவரம் உன் மேனேஜருக்கு நீ அனுப்பிய அறிக்கையில் இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் உன்னைக் கேட்டேன். நீ ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்ன பதில் ஒவ்வொரு சொல்லும் நினைவில் இருக்கிறது. "உன்னைத் தனியா கேக்கணுமாம்மா? நமக்குள்ள இன்னா இருக்கு? அப்பா சரின்னுட்டாரு." உன் அப்பா சால்வையை மடித்துக்கொண்டே, "மவன் நல்லதுக்குத்தான செய்வான், இதுல உன்ன இன்னா கேக்கறது" என்றார். அந்த நிலம் என் அப்பா என் பெயருக்கு எழுதியது என்பது உங்கள் இருவருக்கும் அந்த நேரத்தில் மறந்துவிட்டது. மீட்டிங்குக்கு முன்னால் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஸ்வீட் பாக்ஸோடு போனாய். மோர் குடித்தாய், மாட்டைப் பற்றி விசாரித்தாய், காலில் விழுந்தாய். அத்தனை நாளும் ராத்திரி நம் வீட்டில்தான் சாப்பிட்டுப் படுத்தாய். நான் தோசை ஊற்றினேன், சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஊரில் நீ கேட்காத ஒரே ஆள், உனக்குத் தட்டு வைத்த ஆள்.

அந்தக் கழனிதான் உன்னைப் படிக்க வைத்தது என்று நான் சொல்லப் போவதில்லை. அது நீ எதிர்பார்க்கிற வசனம், அதற்குப் பதிலும் தயாராக வைத்திருப்பாய். மண்ணை விட்டுப் பிரிய முடியாது என்று அழவும் போவதில்லை. நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. அறுக்கிற மெஷின்காரன் வைத்ததுதான் நேரம். வெயிலில் வரப்பில் நின்றால் எனக்குத் தலை சுற்றுகிறது. உண்மையைச் சொல்கிறேன், நீ என்னிடம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அம்மா, இப்படி ஒண்ணு வருது, நீ இன்னா சொல்ற?" என்று கேட்டிருந்தால், கீழ்மடைக்குத் தண்ணீர் போக என்ன வழி என்று நான் கேட்டிருப்பேன். அதற்கு நீ ஒழுங்கான பதில் வைத்திருந்தால், சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன். அந்தச் சரியை நீ எனக்கு விட்டு வைக்கவில்லை. நான் சொல்வதற்கு முன்பே அதைத் திரையில் போட்டுவிட்டாய். இனி நான் சரி என்றாலும் அது என்னுடையது இல்லை.

தனலட்சுமி அக்கா பல நாள் என்னோடு பேசவில்லை. குழாயடியில் நான் போனால் குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கடைசியில் நானே அவள் வீட்டுக்குப் போய் வாசற்படியில் நின்று, நான் கொடுக்கவில்லை, என்னைக் கேட்கவே இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

"கேக்காம எப்படிடி போடுவான், பெத்த புள்ள?"

"அதான் நானும் கேக்கறேன்க்கா."

"அப்ப அங்கயே சொல்றதுக்கு இன்னா?"

"எழுந்தேனே, நீ பாக்கலியா?"

"பாத்தேன். எழுந்த. அவன் இன்னாவோ சொன்னான், குந்திட்ட. நீ குந்தனத பாத்துதான் நான் கையெழுத்து போட்டேன்."

 அக்கா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். நான் குடித்துவிட்டு வந்தேன்.

நேற்று நீ போனை வைப்பதற்கு முன் இன்னொன்றும் கேட்டாய். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் முடியாது. "மடுகரைல நம்பிக்கை வர்ற மாதிரி ஒரு ஸ்லைடு சேக்கறேம்மா. கழனில நீ நிக்கற மாதிரி உன் போட்டோ, கீழ 'என் தாயே முதல் சம்மதம்'னு. போடலாமா?" எவ்வளவு பணிவாகக் கேட்டாய். போட்டோவுக்கு அனுமதி கேட்கத் தெரிந்திருக்கிறது உனக்கு. கால் வந்துவிட்டதால் என் பதில் உனக்குக் கிடைக்கவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்: போடக் கூடாது.

நீ என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். எழுத்தைப் பெரிதாக்கு. பறக்க விடாதே. அந்த வெள்ளைக்காரரை ஊருக்கு அனுப்பிவிடு. நல்ல விளைச்சல் வந்த வருஷத்தையும் பக்கத்தில் போடு. பெண்களை முன்னால் உட்கார வை. எல்லாவற்றுக்கும் மேலாக வரைபடத்தில் இன்னொரு நிறம் சேர்த்துக்கொள். பச்சை சம்மதித்தவர்களுக்கு, மஞ்சள் யோசிப்பவர்களுக்கு. மூன்றாவது நிறம் கேட்கப்படாதவர்களுக்கு. எந்த நிறம் என்பது உன் இஷ்டம், அதையாவது நீயே முடிவு செய்துகொள். என் கழனிக்கு அந்த நிறத்தை அடி. அது நடுவில் தனியாகத் தெரியும், அசிங்கமாக இருக்கும், உன் மேனேஜர் என்ன இது என்று கேட்பார். சொல்.

இதுவரை எழுதியதை இன்று மத்தியானம் தனலட்சுமி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். என் மகனுக்கு எழுதியதை அவளுக்கு ஏன் படிக்க வேண்டும் என்று நீ கேட்கலாம். என் பெயரை ஊருக்கு முன்னால் திரையில் போட்ட பிறகு, உனக்கு நான் எழுதுவதில் ரகசியம் என்ன இருக்கிறது? மடுகரையில் யாராவது கேட்டால் அங்கேயும் படிப்பேன். அக்கா முழுவதும் கேட்டாள். குனிந்து போகச் சொன்ன இடத்தில் மட்டும் முகத்தைத் தடவிக்கொண்டாள். முடிந்ததும், "நல்லாத்தான் எழுதிக்கிற. ஆனா காயிதம்னா அவன் படிச்சிட்டு மடிச்சி வெச்சிடுவான். எழுந்து நின்னா மடிக்க முடியுமா?" என்றாள். பிறகு, "மடுகரைக்கு எந்த பஸ்ஸு போவுது?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் வருகிறோம். கடைசி வரிசையில் உட்கார மாட்டோம், புரொஜெக்டருக்குப் பக்கத்தில் உட்காருவோம். உன் அப்பா பக்கத்தில் இடம் இருந்தால் அங்கேயே. நீ மாற்றியிருந்தால் நான் வாய் திறக்க மாட்டேன், வந்த வழியே பஸ் ஏறிவிடுவோம். மாற்றாமல் அந்த வரைபடத்தைப் பச்சையாகவே போட்டால் நான் எழுந்திருப்பேன். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் நீ எனக்குக் காட்டிய பொத்தான் உன் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். தட்டிவிடு, திரை கருப்பாகட்டும், நான் சொல்ல வேண்டியதை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். தட்டாமல் அடுத்த ஸ்லைடுக்குப் போனால், நான் நடந்து போய் அந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே நிற்பேன். நீ அடுத்து எதைக் காட்டினாலும் அது என் முகத்திலும் புடவையிலும்தான் விழும். ஸ்லைடு மறைக்கிறது என்பாய். நான் குனிய மாட்டேன். என்னை நகரச் சொல்ல வேண்டுமென்றால் அத்தனை பேருக்கு முன்னால் மைக்கில் என்னைக் கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். அப்போது என்னவென்று கூப்பிடப் போகிறாய் என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்துகொண்டு வா.

அம்மா